பெரிய தொழில்நுட்பக் கம்பனி இன்டர்வியூ: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவர்கள், கொழும்பில் ஒன்றிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வெளியே போகப் பார்ப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் களைத்து, கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரிய கம்பனி என்று நான் சொல்வது கூகுள், அமேசான், மைக்ரோசொப்ட், மெட்டா போன்றவற்றை. மேலிருந்து வாசித்து வாருங்கள். பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ, இந்தக் கம்பனியள் எங்கட பிள்ளையளை எடுக்குமோ?

எடுக்கும். ஆனால் இங்கே வந்து எடுக்காது. கூகுள், அமேசான், மெட்டா ஆகியவற்றுக்கு இலங்கையில் மென்பொருள் எழுதும் அலுவலகம் இல்லை. ஆகவே வேலை கிடைத்தால் சிங்கப்பூர், லண்டன், டப்ளின், சியாட்டில் என்று எங்காவது போக வேண்டியதுதான். விசாவுக்கும் இடமாற்றத்துக்கும் கம்பனிதான் செலவழிக்க வேண்டும் என்பதால், அனுபவமே இல்லாத ஒருவரை இங்கிருந்து நேரே கூப்பிடுவது அரிது. கூடுதலானவர்கள் போகும் வழிகள் இரண்டு. ஒன்று, கொழும்பில் நல்ல கம்பனி ஒன்றில் இரண்டு மூன்று வருடம் வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்பது. மற்றது, வெளியே முதுமாணி படிக்கப் போய் அங்கிருந்து விண்ணப்பிப்பது.

அமெரிக்காவுக்கு நேரே போவது இன்னும் கஷ்டம். அங்கே வேலை செய்ய வாங்கும் எச்-1பி விசா வருடத்துக்கு 65,000, அங்கே முதுமாணி முடித்தவர்களுக்கு மேலதிகமாக 20,000 என்று வரையறை இருக்கிறது. விண்ணப்பம் அதைவிட எவ்வளவோ அதிகமாக வருவதால், இன்டர்வியூவில் வென்றவர்கூட விசாவுக்கு உத்தரவாதம் இல்லாமல் காத்திருக்க வேண்டும். அதனால் முதலில் வேறு நாட்டு அலுவலகத்தில் சேர்ந்து, ஒரு வருடம் முடிந்தபின் எல்-1 விசாவில் அதே கம்பனிக்குள் மாறிப் போகிறவர்களும் உண்டு.

எத்தனை சுற்று வரும்? எல்லாத்திலயும் கோட் எழுதோணுமோ?

முதலில் ஆளெடுப்பவர் ஒருவர் இருபது, முப்பது நிமிடம் போனில் கதைப்பார். அடுத்தது ஒன்லைன் சோதனை அல்லது ஒரு பொறியியலாளரோடு ஒரு சுற்று. அதைத் தாண்டினால் நாலைந்து சுற்று, ஒவ்வொன்றும் 45 நிமிடம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை. இதில் பாதிக்கு மேல் கோட் எழுதுவது. மிச்சம் உங்கள் அனுபவம் பற்றியும், அனுபவசாலிகளுக்கு சிஸ்டம் டிசைன், அதாவது பெரிய மென்பொருள் ஒன்றை எப்படிக் கட்டமைப்பது என்பது பற்றியும்.

கம்பனிக்குக் கம்பனி சாயல் மாறும். கூகுளில் உங்களோடு கதைத்தவர் தனியே முடிவெடுப்பதில்லை. அவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை ஒரு குழு வாசிக்கிறது. அமேசானில் வேறு அணியிலிருந்து 'பார் ரெய்சர்' என்று ஒருவர் வருவார், அவர் வேண்டாம் என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான். இரண்டிலும் உங்கள் வேலை ஒன்றே: நீங்கள் யோசித்த விதத்தை எதிரே இருப்பவர் எழுதி வைக்கக்கூடியதாகச் செய்வது. அவர் எழுதாதது குழுவுக்குத் தெரியாது.

எனக்கு ஜீபிஏ 2.8 தான். விண்ணப்பிச்சுப் பிரயோசனம் இருக்கோ?

இருக்கிறது. கொழும்பில் சில இடங்களில் பயிற்சி வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஜீபிஏ (பல்கலைக்கழகப் புள்ளிச் சராசரி) பார்த்துக் கழிப்பார்கள், அது உண்மை. வேலை செய்து இரண்டு வருடம் போனபின் யாரும் அதைக் கேட்பதில்லை. 3.0க்குக் கீழே என்றால் சீவியில் போடாமல் விடலாம். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

ஜீபிஏயைவிட எனக்குக் கவலை தருவது சீவிதான். எங்கள் ஊர்ச் சீவி நாலு பக்கம் வருகிறது. அடையாள அட்டை இலக்கம், அப்பாவின் பெயர், திருமண நிலை, சமயம், படம், சாதாரண தரத்தில் எத்தனை ஏ, ஆறாம் வகுப்பில் மாணவ தலைவர், கடைசியில் 'மேற்சொன்ன யாவும் உண்மை' என்று கையொப்பம். இவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் போதும். செய்த வேலையை எண்ணோடு எழுதுங்கள்: எத்தனை பேர் பாவித்தார்கள், எவ்வளவு நேரம் மிச்சமானது, எது வேகமானது. 'கடின உழைப்பாளி' என்ற வரி எல்லாருடைய சீவியிலும் இருக்கிறது. உயர்தரத்தில் மாவட்ட நிலை நல்லதாக வந்திருந்தால் ஒரு வரி போடலாம், அதில் பிழையில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரருக்கு அது விளங்க வேண்டும் என்றால் எத்தனை பேரில் எத்தனையாவது என்று எழுத வேண்டும்.

கனடாவில மாமான்ர மகன் அமேசானில இருக்கிறார். அவர் சொன்னா வேலை கிடைக்குமோ?

வேலை கிடைக்காது, சீவியை ஒருவர் திறந்து பார்ப்பார். அதுவே பெரிய விஷயம்தான். உள்ளே இருப்பவர் பரிந்துரைத்தால் குவியலுக்குள் இருந்து உங்கள் விண்ணப்பம் மேலே வரும். அதற்குப் பிறகு எல்லாரும் சமம்.

உறவுக்காரரிடம் கேட்கும்போதும் வேலை தெரிந்த ஆளாகவே கேளுங்கள். விண்ணப்பிக்கும் பதவியின் இலக்கம், ஒரு பக்கச் சீவி, அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று மூன்று வரி. 'அண்ணா எனக்கு ஏதாவது வேலை பாத்துத் தாங்கோ' என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. தெரியாத ஆட்களுக்கும் லிங்க்ட்இன்னில் இதே மாதிரி எழுதலாம். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக்காரர் கூடும் யாழ் ஐடி ஹப் அமைப்பின் நிகழ்ச்சிகளுக்குப் போய் வருபவர்களுக்கு இந்தத் துறையில் இருப்பவர்களின் அறிமுகம் மெல்ல மெல்ல வரும். திடீரென்று கேட்பதைவிட அது நல்லது.

எந்த மொழியில எழுதிறது நல்லது? கம்பஸில ஜாவா, இப்ப வேலையில ஜாவாஸ்கிரிப்ட்.

கை பழகிய மொழி. குறிப்பிட்ட மொழி வேண்டுமென்றால் விளம்பரத்திலேயே இருக்கும். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் பைதான் எடுங்கள், குறைய எழுதினால் போதும். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மொழி மாற்ற வேண்டாம்.

லீட்கோட்டில எத்தினை கணக்குச் செய்தாக் காணும்?

லீட்கோட் என்பது இன்டர்வியூவில் வரும் கோட் கணக்குகளைச் செய்து பழகும் இணையத்தளம். இந்தக் கேள்வியில்தான் எங்கள் படிப்பு முறை அப்படியே தெரிகிறது. உயர்தரத்துக்குப் பத்து வருடக் கடந்தகால வினாத்தாளை ரியூசனில் செய்து முடித்தோம், சோதனையில் அதே சாயலில் வந்தது, எழுதினோம். அந்தப் பழக்கம் இங்கே பாதி உதவும், பாதி கெடுக்கும். ஐந்நூறு கணக்கு மனப்பாடமாகத் தெரிந்தவர், கேள்வியில் ஒரு நிபந்தனை மாறியதும் நின்று போவதை அடிக்கடி காண்கிறேன்.

எண்ணிக்கை வேண்டும் என்றால் 'பிளைண்ட் 75' என்ற பட்டியல் இருக்கிறது, இலவசம்தான். அதிலுள்ள 75 கணக்கையும் ஒழுங்காகச் செய்தால் வழக்கமாக வரும் வகைகள் எல்லாம் கண்ணில் பட்டுவிடும்: இரண்டு சுட்டி, நகரும் சாளரம், பைனரி தேடல், மரம், வரைபடம், டைனமிக் புரோகிராமிங். ஒழுங்காக என்றால், நாற்பது நிமிடம் கடிகாரம் வைத்து முயல்வது. முடியாவிட்டால் விடையைப் பார்ப்பது. பார்த்தபின் மூடிவைத்துவிட்டு வெற்றுத் திரையில் எழுதுவது. இரண்டு கிழமை கழித்து அதே கணக்கை மறுபடி செய்வது. கடைசிப் படியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், விளங்கியதா இல்லையா என்று தெரிவது அங்கேதான்.

கணக்கு விளங்குது அக்கா. ஆனா ஒருத்தர் பாத்துக்கொண்டிருந்தா வாய் திறக்க வருகுதில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் வாய் மூடி எழுதித்தான் புள்ளி எடுத்தோம். சோதனை மண்டபத்தில் கதைத்தால் பேப்பரைப் பறித்துவிடுவார்கள். இங்கே கதைக்காமல் எழுதினால் புள்ளி போகும். சரியான விடையை மௌனமாக எழுதி முடித்தவர், பாதி விடையைச் சொல்லிச் சொல்லி எழுதியவரிடம் தோற்பது சாதாரணம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு எண் வரிசை தந்து, கூட்டினால் 500 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். உடனே எழுதத் தொடங்க வேண்டாம். கேளுங்கள்: வரிசை ஒழுங்குபடுத்தப்பட்டதா? ஒரே எண் இரண்டு தரம் வருமா? மறை எண் வருமா? விடை இல்லாவிட்டால் எதைத் திருப்பிக் கொடுப்பது? எத்தனை எண் இருக்கும்? ஒரு இலட்சம் என்று சொன்னால், வாய்விட்டுக் கணக்குப் பாருங்கள். 'எல்லாச் சோடியையும் பார்த்தால் கிட்டத்தட்ட ஐந்நூறு கோடி சோடி வரும். செக்கனுக்குப் பத்துக் கோடி செய்கை என்று வைத்தாலும் ஐம்பது செக்கன். இது சரியான விடை, ஆனால் மெதுவானது. பார்த்த எண்களை ஒரு ஹாஷ் அட்டவணையில் (ஒரு எண் இருக்கிறதா என்று உடனே தேடக்கூடிய பட்டியல்) போட்டுக்கொண்டு போனால், ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் துணை ஏற்கனவே வந்ததா என்று ஒரு தரம் கேட்டால் போதும். ஒரு இலட்சம் தடவையில் முடியும், ஆனால் நினைவகம் கூடச் செலவாகும்.' இவ்வளவும் சொல்லி, 'இதையே எழுதட்டுமா?' என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். எழுதியபின் நாலைந்து எண் உள்ள சிறிய வரிசை ஒன்றை எடுத்து, வரி வரியாகக் கையால் ஓட்டிக் காட்டுங்கள். 250 ஒரு தரம் மட்டும் இருந்தால் அதையே அதனோடு கூட்டி 500 என்று சொல்லிவிடுமா என்பதையும் பாருங்கள். எழுதும்போது அடிக்கடி விழும் ஓட்டை அது.

இதைப் பழக ஆள் வேண்டும். பாட்ச்காரர் ஒருவரைப் பிடித்து, கிழமைக்கு இரண்டு தரம் மாறி மாறிக் கேளுங்கள். ஆள் கிடைக்காத நாளில் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். சொந்தக் குரலைக் கேட்கச் சகிக்காதுதான், இரண்டாம் கிழமை பழகிவிடும்.

இங்கிலீஷ் தடுமாறும். அதாலயே விட்டிடுவினமோ?

உச்சரிப்புக்காகவோ இலக்கணத்துக்காகவோ விடமாட்டார்கள். எதிரே இருப்பவருக்கும் பலவேளை ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். விளங்காமல் போனால்தான் பிரச்சினை. சின்ன வசனமாகச் சொல்லுங்கள். கேள்வி விளங்காவிட்டால் திருப்பிச் சொல்லக் கேளுங்கள், அல்லது உங்களுக்கு விளங்கியதை உங்கள் சொல்லில் சொல்லி உறுதிப்படுத்துங்கள். யோசிக்க ஒரு நிமிடம் வேண்டும் என்று சொல்லிவிட்டு மௌனமாக இருந்தால் குற்றமில்லை, சொல்லாமல் இருந்தால்தான் மேலே சொன்ன சிக்கல்.

மொழியைவிட எங்கள் மரியாதைதான் கூடக் காலை வாரிவிடுகிறது. வசனத்துக்கு வசனம் 'சேர்' போட வேண்டாம், பெயர் சொல்லியே கதைக்கலாம். அவர் 'இது வேலை செய்யும் என்று நிச்சயமா?' என்று கேட்டால் அது பிழை என்று அர்த்தமில்லை. சரியாக எழுதிய கோட் வரிகளை, பெரியவர் கேட்டுவிட்டார் என்பதற்காக அழித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு உதாரணத்தை ஓட்டிப் பார்த்து, சரி என்றால் சரி என்று சொல்லுங்கள்.

அமேசானில 'ஒரு சம்பவம் சொல்லு' எண்டு கேப்பினமாம். எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லையே?

அமேசான் தன் கொள்கைகளை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. முன்பு 14, 2021இல் இரண்டு சேர்த்து 16. ஒவ்வொரு சுற்றிலும் இவற்றில் ஒன்றிரண்டை வைத்துக் கேட்பார்கள்: கருத்து வேறுபட்டபோது என்ன செய்தாய், தவணைக்குள் முடியாமல் போனது எது, தோற்றது எது. மற்றக் கம்பனிகளும் குறைந்த அளவில் இதையே கேட்கும்.

சொல்ல ஒன்றும் இல்லை என்பவரிடம் பத்து நிமிடம் கதைத்தால் நாலு சம்பவம் வரும். இறுதி வருடக் குழுவில் ஒருவர் வேலை செய்யாமல் விட்டபோது என்ன செய்தீர்கள்? 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது செயற்திட்டத்தை எப்படி முடித்தீர்கள்? பழைய மாணவர் சங்கத்துக்குச் செய்து கொடுத்த இணையத்தளம், கோயில் திருவிழா உபயகாரர் கணக்குக்குச் செய்த எக்செல், எல்லாம் சம்பவம்தான். நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற ஒழுங்கில் இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். அதில் பாதிக்கு மேல் நீங்கள் செய்தது இருக்கட்டும்.

நம்மவர்கள் 'நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம்' என்றே சொல்லிக்கொண்டு போவார்கள். தன்னைப் பெரிதாகக் காட்டக்கூடாது என்று வளர்ந்ததால் வருவது. கேட்பவருக்கு நீங்கள் அங்கே இருந்தீர்களா இல்லையா என்பதே தெரியாமல் போகும். குழு செய்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, உங்கள் பங்கை நான் என்று தொடங்கிச் சொல்லுங்கள். ஏழெட்டுச் சம்பவம் தயாராக இருந்தால் பெரும்பாலான கேள்விக்குப் பொருத்தலாம்.

சிஸ்டம் டிசைன் எங்கட மட்டத்துக்கு வருமோ?

புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் வராது. மூன்று வருடம் தாண்டியவர்களுக்கு வரும். பயிற்சிக்கு அமெரிக்க உதாரணம் தேடி அலையாமல், யாழ்ப்பாணம் கொழும்பு இரவு பஸ்ஸுக்கு ஆசனம் பதியும் தளத்தை வடிவமைத்துப் பாருங்கள். தைப்பொங்கலுக்கு முதல் கிழமை எல்லாரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். இரண்டு பேர் ஒரே ஜன்னல் ஆசனத்தை ஒரே கணத்தில் அழுத்தினால் என்ன நடக்க வேண்டும்?

நல்ல விடை இப்படிப் போகும். பயணமும் ஆசனமும் சேர்ந்த சோடி தரவுத்தளத்தில் ஒரு தரம்தான் வரலாம் என்ற கட்டுப்பாடு, இரண்டாமவரைத் தரவுத்தளமே மறுக்கும். பணம் கட்டப் பத்து நிமிடம் ஆசனத்தைப் பிடித்து வைத்து, கட்டாவிட்டால் விடுவிக்க வேண்டும். பணம் போய் இணைப்பு அறுந்து, ஆள் மறுபடி அழுத்தினால் இரண்டு தரம் வெட்டாமல் இருக்க ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி அடையாளம். ஆசனப் படத்தைக் காட்டுவது சற்றுப் பழைய தகவலாக இருந்தாலும் பரவாயில்லை, பதிவது அப்படி இருக்க முடியாது. எது எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்று சொல்வதுதான் இந்தச் சுற்றின் உயிர். பெட்டி கீறி அம்புக்குறி போடுவது எல்லாருக்கும் தெரியும்.

இடையில கரண்ட் போனா?

முதலே ஆளெடுப்பவருக்கு எழுதிவிடுங்கள், துண்டிக்கப்பட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்றும் கேட்டு வையுங்கள். ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ், வேறு வலையமைப்பில் டேட்டா உள்ள ஒரு போன், முழுதாகச் சார்ஜ் போட்ட லேப்டொப். கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வீடு என்றால் திருவிழா நாட்களைப் பார்த்துத் திகதி எடுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். சியாட்டிலில் காலை 9 மணி என்றால் இங்கே கோடைகாலத்தில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. அங்கே கடிகாரம் மார்ச்சிலும் நவம்பரிலும் மாறும், லண்டனில் மார்ச் கடைசியிலும் ஒக்டோபர் கடைசியிலும் மாறும், எங்களுக்கு மாறாது. அந்த மாதங்களில் அழைப்பிதழை இரண்டு தரம் பாருங்கள்.

முந்திச் செய்த கணக்கே வந்தா சொல்லோணுமோ?

சொல்லுங்கள் என்பதே என் கட்சி. தெரியாத மாதிரி நடிப்பது அனுபவமுள்ளவருக்கு உடனே பிடிபடும், பிறகு நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்பமாட்டார். பலர் 'பரவாயில்லை, செய்' என்று விட்டு நிபந்தனையை மாற்றுவார்கள். கணக்கை விளங்கிச் செய்தவருக்கு அதில் பயமில்லை. அதே வகை ஆனால் அதே கணக்கு இல்லை என்றால் சொல்லத் தேவையில்லை.

பக்கத்தில சட்ஜிபிடி திறந்து வைச்சா பிடிபடுமோ?

பிடிபடும். கண் ஒரு பக்கம் ஓடும், கேள்விக்குப் பிறகு ஒரே அளவு இடைவெளி வரும், எழுதிய வரியை ஏன் எழுதினாய் என்றால் பதில் வராது. இதனாலேயே 2025இல் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை, ஒரு சுற்றையாவது நேரில் நடத்துவதைத் திரும்பக் கொண்டுவருவது பற்றிக் கதைத்தார். சில கம்பனிகள் குறிப்பிட்ட சுற்றில் அவர்களே கருவியைத் தந்து பாவிக்க விடுகிறார்கள். அது வேறு கதை. விதியை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு அதைத் தாராளமாகப் பாவியுங்கள். விடை கேட்க வேண்டாம். 'நீ கேள்வி கேட்பவர், நான் விடை சொல்பவர், குறிப்பை நான் கேட்டால் மட்டும் தா' என்று சொன்னால், ஆள் கிடைக்காத நாளில் பரவாயில்லாத துணை.

சம்பளம் எவ்வளவு வேணும் எண்டு கேட்டா?

முதலில் எண் சொல்லாதீர்கள். அந்தப் பதவிக்கு என்ன வீச்சு வைத்திருக்கிறீர்கள் என்று பணிவாகத் திருப்பிக் கேளுங்கள். இப்போதைய கொழும்புச் சம்பளத்தை டொலராக்கிச் சொன்னால் அதற்கு மேல் போவது கடினம்.

தருவதை வாசிக்கும்போது மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்க வேண்டாம். சம்பளத்தோடு தரும் கம்பனிப் பங்குகள் வழக்கமாக நாலு வருடத்தில் பிரிந்து வரும், சமமாக வர வேண்டும் என்றில்லை. அமேசானில் நீண்டகாலம் இருந்து வரும் முறை முதல் வருடம் 5 வீதம், அடுத்தது 15, பிறகு 40, 40. முதலிரண்டு வருடத்தை ரொக்க ஊக்கத்தொகையால் ஈடுசெய்வார்கள். வீட்டில் ரூபாயாக்கிப் பார்த்து மயங்குவதற்கு முன், சிங்கப்பூர் அல்லது லண்டன் வாடகையைக் கழித்துப் பாருங்கள்.

வேலையை விட்டுட்டு வீட்டில இருந்து ஒரு வருஷம் படிக்கலாமோ?

வேண்டாம். உயர்தரம் மூன்றாம் தடவை எடுப்பது போன்ற கணக்கு இல்லை இது. சீவியில் வெறுமையான ஒரு வருடம் விழும். சம்பவக் கேள்விக்குச் சொல்ல வேலை அனுபவமும் போய்விடும். வேலையோடு நாளுக்கு ஒரு மணித்தியாலம், சனி ஞாயிறில் கொஞ்சம் கூட என்று நாலைந்து மாதம் போதும். தோற்றால் பெரும்பாலும் ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்க விடுவார்கள். ஏன் தோற்றீர்கள் என்று அநேகமாகச் சொல்லமாட்டார்கள். அதனால் முடிந்த அன்றிரவே கேள்விகளையும் எங்கே தடுமாறினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

வட்ஸ்அப்பில 'கூகுள் வேலை நிச்சயம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கோ' எண்டு வந்திருக்கு. உண்மையோ?

பொய். இந்தக் கம்பனிகள் எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் பணம் கேட்பதில்லை. அழைப்பு கம்பனியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும், பதவியும் அவர்களின் தளத்தில் இருக்கும். முகவர் என்று யாராவது வந்தால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடவுச்சீட்டுப் பிரதியை அதற்கு முன் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.